பெச்சா குச்சா

பெச்சா குச்சா என்பது 20 படவில்லைகளை, ஒவ்வொன்றும் 20 நொடிகள் வீதம் திரையில் காட்டி உரையாற்றும் அளிக்கை முறை ஆகும். உரை முழுவதும் 6 நிமிடம் 40 நொடிகளில் முடிவுறும். படவில்லைகள் தாமாகவே மாறும். பேச்சாளர் அவற்றை நிறுத்தி வைக்க இயலாது. கட்டடக் கலைஞர்களிடையே தோன்றிய இம்முறை, பின்னர் மருத்துவ மாநாடுகளிலும் மருத்துவக் கல்வி மாநாடுகளிலும் இடம்பெற்றது.

வரலாறு

டோக்கியோவில் பணியாற்றிய கட்டடக் கலைஞர்களான அஸ்ட்ரிட் கிளைன், மார்க் டைதம் ஆகியோர் 2003 பெப்ரவரியில் இதனைத் தொடங்கினர். இளம் வடிவமைப்பாளர் பலர் ஒரே மாலையில் தம் படைப்புகளை எடுத்துரைக்க வழிசெய்வதே நோக்கமாக இருந்தது. 'பெச்சா குச்சா' என்பது ஓயாத பேச்சொலியைக் குறிக்கும் ஜப்பானியச் சொல். இது தமிழின் 'சளசள' என்னும் இரட்டைக்கிளவியை ஒத்தது.

ஒத்த முறைகள்

* இக்னைட்: 2006 இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தோன்றியது. 20 படவில்லைகள், ஒவ்வொன்றும் 15 நொடிகள். மொத்தம் 5 நிமிடங்கள்.
* மூன்று நிமிட ஆய்வுரை: 2008 இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தொடங்கிய போட்டி. முனைவர் பட்ட ஆய்வை, அசையாத ஒரே படவில்லையைக் கொண்டு 3 நிமிடங்களில் விளக்க வேண்டும்.

மருத்துவ மாநாடுகளில்

வழக்கமான அமர்வுகளில் ஒருவர் நேரம் கடந்து பேசினால், அடுத்தவரின் நேரமும் கலந்துரையாடலும் குறைகின்றன. பெச்சா குச்சா அமர்வில் இச்சிக்கல் பெரிதும் நீங்குகிறது. ஆறு உரைகள் 40 நிமிடங்களில் முடிவதால், ஒரு மணிநேர அமர்வில் வினாக்களுக்கு 20 நிமிடங்கள் எஞ்சும். மூத்த வல்லுநருக்கும் பயிற்சி மருத்துவருக்கும் ஒரே அளவு நேரமே கிடைக்கிறது. ஐரோப்பிய மருத்துவக் கல்விச் சங்கத்தின் மாநாடுகளில் இத்தகைய அமர்வுகள் நடைபெற்றுள்ளன.

20 நொடிகளில் இரண்டு மூன்று வாக்கியங்களே பேச இயலும். எனவே ஒரு படவில்லையில் ஒரு கருத்து மட்டும் அமைவதும், எழுத்தைவிடப் படம் மிகுதியாக இருப்பதும் இம்முறைக்குப் பொருந்தும்.

வரம்புகள்

சுருக்கத்தில் எச்சரிக்கைகள் விடுபடக்கூடும். சான்றாக, ஒரு மருந்தினால் இறப்பு 2 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காடாகக் குறைந்ததாகக் கொள்வோம். இதனை 'இறப்பு பாதியாகக் குறைந்தது' என்றும், 'நூறு பேரில் கூடுதலாக ஒருவர் பிழைத்தார்' என்றும் கூறலாம். இரண்டும் சரியே, எனினும் முதற்கூற்றை மட்டும் கேட்பவர் மருந்தின் பயனை மிகையாக மதிப்பிடக்கூடும். மருந்தளவு, பக்கவிளைவு, விரிவான புள்ளிவிவர அட்டவணை ஆகியவற்றை 20 நொடிகளில் படித்துச் சரிபார்க்கவும் இயலாது. ஆகவே சிகிச்சை முறையை மாற்றக்கூடிய முடிவுகளுக்கு நீண்ட உரையும் முழு ஆய்வுக் கட்டுரையும் தேவைப்படுகின்றன. ஒரு புதிய எண்ணத்தையோ பணி அனுபவத்தையோ அறிமுகம் செய்து உரையாடலைத் தொடங்கவே இக்குறுவடிவம் பெரிதும் ஏற்றது.