ஆலங்குடாவில் தாய்வீடு: இடப்பெயர்வும் பண்பாட்டுக் கையளிப்பும்

பண்பாட்டைப் பேணுதல் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விழாவையும் மேடையையும் ஏட்டையுமே கருதுவர். குழந்தை பிறந்த வீட்டை வரலாற்றுக்குரிய களமாகக் கொள்வோர் சிலரே. கற்பிட்டிக் குடாநாட்டின் கடலோரச் சிற்றூரான ஆலங்குடாவை முன்வைத்து அக்களத்தை இங்கு நோக்குவோம்.

1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் வேரறுக்கப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் நாள் வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே. மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரை சேர்ந்தனர். நகரத்து வணிகரும் மீனவரும் உழவரும் புத்தளம் மாவட்டத்தின் கிடுகுக் குடிசைகளில் ஒருங்கே ஒதுங்கினர். ஆலங்குடாவிலும் முகாம்கள் எழுந்தன.

மகளுக்கு வீட்டைச் சீதனமாக அளிப்பது வடபுல முஸ்லிம்களின் வழக்கு. ஆதலின் பிள்ளைப்பேறும் வளர்ப்பும் தாய்வழி உறவைச் சூழ்ந்தே நிகழ்ந்தன. காதில் ஓதப்படும் பாங்கு, ஏழாம் நாள் அகீகா, நாற்பது நாட் பராமரிப்பு, உம்மம்மாவின் தாலாட்டு ஆகியவற்றினூடே ஊர்ப்பெயரும் உறவுமுறையும் குழந்தையை எட்டின. வெளியேற்றம் பறித்தது சுவரையும் கூரையையும் மட்டுமன்று. இக்கையளிப்பின் பொருளாதார அடித்தளத்தையுமாம். நாட்கூலியை நம்பிய குடும்பத்திற்கு நாற்பது நாள் ஓய்வு எளிதன்று. மகளுக்கு அளிக்க வீடும் இல்லை.

புத்தளம் முஸ்லிம்களும் தமிழ் பேசுவோராதலின் ஈண்டு மொழி அழியவில்லை. ஆபத்துக்குள்ளாவது ஊர் நினைவே. வீட்டிலிருந்து நழுவுவதை மேடையால் மீட்க இயலாது என்பதற்கு இதே மாவட்டத்தில் சான்றுண்டு. சிரம்பையடியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் 'மஞ்சா' பாடல்களை இன்றும் பாடுகின்றனர். அப்பாடல்களின் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியோ அவர்தம் அன்றாடப் பேச்சினின்றும் மறைந்துவிட்டது.

இதற்கு மாற்றுவழியும் உண்டு. நியூசிலாந்தில் நகரங்களுக்குப் பெயர்ந்த மாவோரிக் குடும்பங்கள், தம் மொழி அருகுவதைக் கண்டு 1982இல் 'மொழிக்கூடு' எனப் பொருள்படும் கொஹங்கா ரெயோவைத் தொடங்கின. ஆங்கு மழலையர் மூத்தோரிடமிருந்து மொழியையும் வழக்கையும் ஒருங்கே பெற்றனர். இலங்கையில் தாய்சேய் நலம் பேண மருத்துவமாது வீடு தேடி வருகிறார். எடையும் தடுப்பூசியும் கவனிக்கப்படுகின்றன. முன்பள்ளியில் உம்மம்மாருக்கும் இடமளித்தால் நினைவும் பேணப்படும்.

1990இல் கைக்குழந்தைகளாய் வந்தோர் இன்று பெற்றோராகும் வயதினர். 2009இல் போர் முடிந்தபின் சிலர் வடக்கே திரும்பினர். பலர் புத்தளத்திலேயே தங்கினர். 2007இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய வீடமைப்புத் திட்டம் குடிசைகள் பல கல்வீடுகளாக உதவிற்று. தங்கியவர்க்கு இங்குள்ள வீடே மகளின் தாய்வீடாகிறது. அவ்வீட்டிற் பிறக்கும் குழந்தைக்கு ஆலங்குடாவும் ஊர். உம்மம்மா சொல்லும் வடக்கும் ஊர். இரண்டில் ஒன்றைத் துறக்குமாறு அக்குழந்தையைக் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே எம் துணிபு.