கான்பூர் ரிவால்வர்: ஒரு விலையின் வரலாறு

2014 சனவரியில் கான்பூர் அரசுப் படைக்கலத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்னும் ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. 2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் வன்கொடுமைக்கு ஆளாகி உயிர்நீத்த மாணவியை நாடு ‘நிர்பயா’ என்று அழைத்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்பெயரை நினைவூட்டும் வகையிலேயே இக்கருவிக்குப் பெயர் சூட்டப்பட்டது. எடை 500 கிராம். கொள்ளளவு ஆறு தோட்டாக்கள். விலை 1,22,360 ரூபாய். பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ள ஏற்றது என்று அது விளம்பரப்படுத்தப்பட்டது.

இந்த விலைக்கு அது தகுமா? வேறு எந்தப் பொருளாயினும் இரண்டு மூன்று நிறுவனங்களின் சரக்கை ஒப்பிட்டு விடை கண்டுவிடலாம். இந்தியாவில் கைத்துப்பாக்கியை அவ்வாறு எடைபோட இயலாது. அதன் விலையைச் சந்தையைக் காட்டிலும் சட்டமே மிகுதியாக நிர்ணயித்திருக்கிறது.

முதலில் கருவியைப் பார்ப்போம். நிர்பீக் புதிய கண்டுபிடிப்பன்று. கான்பூரில் நெடுங்காலமாகச் செய்யப்பட்டுவந்த .32 ரிவால்வரின் எடை குறைந்த வடிவமே அது. அந்தப் பழைய ரிவால்வரோ, இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையினர் ஏந்திய வெப்லி மார்க் 4 மாதிரியை அடியொற்றியது. கீலில் மடங்கித் திறக்கும் சட்டகம், ஆறு அறைகள் கொண்ட உருளை என அடிப்படை அமைப்பு மாறவில்லை. டைட்டேனியம் கலப்புலோகத்தால் எடை ஏறத்தாழ 200 கிராம் குறைந்தது. சுருங்கச் சொன்னால், வாங்குபவர் பெறுவது பர்மிங்காமில் பிறந்த ஒரு பழைய வடிவமைப்பைத்தான்.

பழைய வடிவமைப்புக்கு ஏன் இவ்வளவு விலை? விடை 1878-இல் தொடங்குகிறது. வைசிராய் லிட்டன் பிரபு காலத்தில் நிறைவேறிய இந்தியப் படைக்கலச் சட்டம், ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது. ஐரோப்பியருக்கோ விதிகளின் வழியே விலக்கு அளிக்கப்பட்டது. இந்திய மொழி இதழ்களின் வாயை அடைத்த சட்டமும் அதே ஆண்டில் வந்ததே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 துளையளவுத் துப்பாக்கிகளின் இறக்குமதியும் தடுக்கப்பட்டது. இராணுவத் தோட்டா பொதுமக்களின் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்பதே காரணம். தடையைத் தாண்டிச் செல்லவே ஆங்கிலத் துப்பாக்கி உற்பத்தியாளர்கள் .465, .470 எனப் புதிய அளவுகளை உருவாக்கினர்.

விடுதலைப் போராட்டம் இச்சட்டத்தை அவமானமாகக் கருதியது. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் 1948 டிசம்பரில் அரசமைப்பு அவையில் எச்.வி. காமத் அவ்வுரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. குற்றவாளிகளும் அதையே உரிமையாகக் கோர முடியும் என்பது அவர் வாதம். 1959-இல் இயற்றப்பட்டு 1962-இல் நடைமுறைக்கு வந்த புதிய படைக்கலச் சட்டம் உரிம முறையைத் தொடர்ந்தது. படையினர் பயன்படுத்திய .38, .455, 9 மி.மீ. ஆகியவை தடைசெய்யப்பட்ட துளையளவுகளாக இருந்தன. எனவேதான் .38 அளவில் பிறந்த வெப்லி வடிவம் கான்பூரில் .32 ஆக மறுபிறவி எடுத்தது.

1980களின் நடுப்பகுதியில் பொதுமக்களுக்கான இறக்குமதியும் நின்றபின், புதிய கைத்துப்பாக்கி வேண்டுவோர்க்கு அரசுத் தொழிற்சாலையை விட்டால் வேறு வழியில்லாமல் இருந்தது. முன்னரே நாட்டுக்குள் வந்துவிட்ட அயல்நாட்டுப் பழைய ரிவால்வர்கள் பல லட்சங்களுக்குக் கைமாறின. நிர்பீக்கின் விலையில் உலோகத்தின் மதிப்போடு இந்தத் தட்டுப்பாட்டின் மதிப்பும் அடங்கியிருந்தது.

பின்னர் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை ‘நிடர்’ என்ற .22 ரிவால்வரை ஏறத்தாழ 35,000 ரூபாய் விலையில் கொண்டுவந்தது. 250 கிராம் எடை கொண்ட அது உண்மையிலேயே மலிவானது. ஆயின் தோட்டாவும் அதற்கேற்பச் சிறியது. 2020-இல் உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோயில் ஓர் இந்திய நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து வெப்லி நிறுவனமே .32 ரிவால்வர் தயாரிக்க வந்தது. நகல் பிறந்து பல ஆண்டுகள் கழித்து மூலத்தின் பெயரும் இங்கே வந்து சேர்ந்தது. அதன் விலையும் லட்சத்துக்கு மேல்தான்.

ஆகவே என் விடை இரண்டாகப் பிரிகிறது. உரிமம் முன்னரே உள்ளவர், பயிற்சியும் பெற்றவர் எனில், எளிய அமைப்பும் நீண்ட காலப் பழக்கமும் கொண்ட .32 ரிவால்வர் அவருக்குப் பொருளுள்ள கொள்முதலாகலாம். எவர் நினைவாகப் பெயர் சூட்டப்பட்டதோ, அத்தகைய மாணவியருக்கு நிர்பீக் ஒருபோதும் எட்டும் பொருளாக இருந்ததில்லை. அதன் விலை, அவ்வாண்டில் ஓர் இந்தியரின் சராசரி ஆண்டு வருமானத்தைவிட அதிகம். அதற்கு முன்னதாகக் காவல்துறை விசாரணையும் உரிம அதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தியாவில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு அறிமுகமானவரே. வீட்டு அலமாரியில் இருக்கும் துப்பாக்கியை எடுக்க வீட்டிலுள்ள பிற கைகளாலும் முடியும்.

1878-இன் சட்டம் இனத்தால் ஒரு கோடு கிழித்தது. இன்றைய கோட்டைப் பணமும் செல்வாக்கும் கிழிக்கின்றன. அதற்காகத் துப்பாக்கியை மலிவாக்குக என்று நான் வாதிடவில்லை. அம்பேத்கரின் அச்சம் இன்றும் பொருத்தமானதே. ஆனால் இரவுப் பேருந்தில் பாதுகாப்பாக வீடு திரும்பும் உரிமைக்கு 1,22,360 ரூபாய் என்று ஓர் அரசு நிறுவனம் விலைச்சீட்டு ஒட்டியபோது, அந்த ரிவால்வரின் தரத்தைப் பற்றி நாம் பேசிய அளவுக்கு அந்தப் பேருந்தைப் பற்றிப் பேசினோமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.