டிராம்பே: ஒரு கடலோரத் தொழிற்புறநகரின் பெயரடுக்குகள்

முன்னுரை

தொழில் நகரங்களின் வரலாறு பெரும்பாலும் ஆலைகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆலை நிறுவப்பெற்ற ஆண்டும் அதன் உரிமை மாற்றமும் ஆவணங்களில் எளிதிற் கிடைக்கின்றன. ஆலைக்கு முன்னர் அங்கு வாழ்ந்தோரும் ஆலையை நாடி வந்தோரும் அவ்வாவணங்களிற் குறைவாகவே இடம்பெறுகின்றனர். எனினும், அவர்தம் வாழ்வின் தடயங்கள் இடப்பெயர்களிலும் குடியிருப்பைச் சுட்டும் சொற்களிலும் தங்கியுள்ளன. மும்பையின் கிழக்குக் கரையிலுள்ள டிராம்பே இதற்குத் தக்க சான்றாகும். அப்பகுதியின் பெயர்களை அடுக்கடுக்காகப் பிரித்துக் காண்பதும், அவற்றைப் பிறமொழியிற் பெயர்ப்பதில் எழும் சிக்கல்கள் மக்களின் வாழ்வுரிமையோடு தொடர்புறுமாற்றைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தீவும் ஊர்களும்

டிராம்பே முற்காலத்தில் சால்செட் தீவுக்குக் கிழக்கே தனித் தீவாக இருந்தது. அதன் வடிவம் நோக்கி ஆங்கிலேயர் அதனை 'மாட்டு நாக்கு' எனப் பொருள்படும் பெயரால் வழங்கினர். மராத்தியில் அதன் பெயர் துர்பே. போர்த்துகீசியரும் ஆங்கிலேயரும் வழங்கிய வழக்கின் ஊடே அது டிராம்பே ஆயிற்று. கழியின் மறுகரையில், இன்றைய நவி மும்பையிலும் ஒரு துர்பே உண்டு. ஆகவே, மராத்தி ஆவணங்களைப் பெயர்ப்போர் எந்தத் துர்பே சுட்டப்படுகிறது என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

இவ்வூர்களின் பழமை சிறிதன்று. மாஹுல் என்னும் சிற்றூரிலிருந்து சிலாஹார மன்னன் ஹரிபாலதேவனின் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அறியப்பட்டுள்ளது. அருகிலுள்ள செம்பூரைக் கிரேக்க நூல்கள் குறிக்கும் சிமில்லாவோடும் அரேபியர் குறிக்கும் சைமூரோடும் இணைப்பார் உளர். ஆயினும் அப்பெயர்கள் குண்டலிகா ஆற்று முகத்திலுள்ள சௌலையே குறிப்பன என்னும் கருத்து வலுவானது. ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு இடத்தை உறுதிசெய்தல் ஆகாது என்பதற்கு இவ்விவாதம் எடுத்துக்காட்டாகும்.

துர்பே, மாஹுல், மண்டாலே, மான்குர்து, அணிக் முதலிய ஊர்களில் கோளி மீனவரும் உப்பளத் தொழிலாளரும் உழவரும் வாழ்ந்தனர். கோளியர் பேச்சு மராத்தியின் கடற்கரை வழக்குகளுள் ஒன்றாகும். மராத்தியில் 'காடி' எனப்படும் நீர்ப்பரப்பை ஆங்கிலத்தின் வழியே அணுகுவோர் தமிழில் 'ஓடை' என்று எழுதிவிடுகின்றனர். ஓடை என்பது நன்னீர் ஓட்டம். தாணேக்கும் டிராம்பேக்கும் இடைப்பட்டதோ கடலேற்றத்தால் நிரம்பி வற்றும் நீர்நிலை. அதற்குத் தமிழில் 'கழி' என்னும் சொல் சங்க காலந்தொட்டு உண்டு. அதுவே பொருந்தும்.

2. ஆலைகளின் வரவு

இப்பகுதிக்கு நகரம் முதலில் அனுப்பியது குப்பையை எனலாம். குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906இல் இடப்பெற்ற இருப்புப்பாதை குப்பை வண்டிகளுக்குப் பயன்பட்டது; 1924இல்தான் அதிற் பயணியர் போக்குவரத்துத் தொடங்கியது. தேவனாரில் 1927இல் குப்பைமேடு அமைந்தது. கப்பல்கள் அணுகத்தக்க துறைமுக நீர்ப்பரப்பும், நகரின் நெருக்கத்திற்கு அப்பாற்பட்ட நிலமும் பின்னர்க் கனரகத் தொழில்களை ஈர்த்தன. 1954இல் ஸ்டான்வாக் நிறுவனத்தின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் 1955இல் பர்மா ஷெல் ஆலையும் இயங்கத் தொடங்கின. 1956இல் டாடா நிறுவனத்தின் அனல்மின் நிலையமும் 1960களில் உர ஆலையும் எழுந்தன. மலையின் கடற்புறச் சரிவில் 1954இல் நிறுவப்பெற்ற அணுசக்தி நிலையம் 1967இல் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர்பெற்றது. இவ்வாறு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குள் மீன்பிடி ஊர்களைச் சுற்றி எண்ணெய்க் கலங்களும் குழாய்த் தொடர்களும் மதில்களும் அமைந்தன. பாதுகாப்பு எல்லைகள் படகுகளின் வழியைச் சுருக்கின.

3. நிறுவனப் பெயர்கள்

நிறுவனங்களின் பெயரீடு தனித்து நோக்கத்தக்கது. 1956 ஆகஸ்ட் 4ஆம் நாள் இயங்கத் தொடங்கிய அணு உலைக்கு நேரு 'அப்சரா' எனப் பெயரிட்டார். நீர்த்தொட்டியில் அமைந்த உலைக்கு நீரோடு தொடர்புடைய தேவமகளிரின் பெயர் பொருத்தமாயிற்று. 1961இன் 'செர்லினா' ஆங்கிலத் தொடர் ஒன்றன் முதலெழுத்துகளால் ஆனது. 1972இன் 'பூர்ணிமா'வும் அவ்வாறே முதலெழுத்துகளால் ஆனதாயினும், வடசொல்லாகவும் பொருள்தருமாறு அமைக்கப்பட்டது. 1985இன் 'துருவா' மீண்டும் முழுமையான வடசொல். இவற்றுள் பூர்ணிமாவின் இருபொருட் சேர்க்கையை எம்மொழியிலும் பெயர்க்க இயலாது. ஒலிபெயர்த்து விளக்குவதே வழி.

எண்ணெய் நிறுவனங்களின் பெயர்கள் ஆட்சிமாற்றத்தோடு மாறின. 1974இல் ஒன்றும் 1976இல் மற்றொன்றும் அரசுடைமையாகி, முறையே ஹிந்துஸ்தான், பாரத் என்னும் நாட்டுப் பெயர்களைப் பெற்றன. 1995இல் நகரின் பெயர் மும்பை என்று மாறியபோதும் டிராம்பே துர்பேயாக மாறவில்லை. 2014இல் திறக்கப்பட்ட ஒற்றைத் தண்டவாள இரயிலின் நிலையங்களுக்கு 'பாரத் பெட்ரோலியம்', 'ஃபெர்டிலைசர் டவுன்ஷிப்' என்னும் பெயர்கள் அமைந்தன. மாஹுல், அணிக் என்னும் ஊர்ப்பெயர்கள் அவ்வரிசையில் இடம்பெறவில்லை. கல்வெட்டுக் காலத்து ஊரினும் ஆலையே அடையாளமாயிற்று என்பதற்கு இஃதொரு சான்று.

4. குடியிருப்புச் சொற்கள்

இப்பகுதியின் குடியிருப்புகளைச் சுட்டும் மராத்திச் சொற்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு உரிமையைக் குறிப்பன. 'காவ்டாண்' என்பது வருவாய்த்துறை அளவையில் ஊரார் குடியிருக்கும் மனைப்பகுதி. தமிழக வருவாய்த்துறை வழக்கிலுள்ள 'நத்தம்' இதற்கு நெருங்கிய நிகரன். இதனைக் 'கிராமம்' என்று மட்டும் பெயர்த்தால் நிலவகைப் பொருள் மறைந்துவிடும். 'பாடா' என்பது சிற்றூர். தமிழ்ப் 'பாடி'யோடு இதற்குள்ள ஒலியொப்புமை பிறப்பொப்புமையாகுமா என்பது தனி ஆய்வுக்குரியது.

'கோளிவாடா' மீனவர் குடியிருப்பு. 'குப்பம்' என்பது பொருளளவில் நேரான சொல்லே. ஆனால் தமிழ் நகர வழக்கில் குப்பம் என்பது குடிசைப்பகுதி என்னும் இழிபொருளையும் ஏற்றுள்ளது. மும்பையிலோ கோளிவாடா வேறு, 'சோபட்பட்டி' எனப்படும் குடிசைப்பகுதி வேறு. 1971ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் குடிசைப்பகுதிச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட நிலம் அகற்றலுக்கும் மறுகட்டுமானத்திற்கும் உட்படும். கோளிவாடாவின் பகுதிகள் சில இடங்களில் குடிசைப்பகுதியாக அளக்கப்பட்டதை மீனவர்கள் எதிர்த்தமைக்கு இதுவே காரணம். வலை உலர்த்தும் களமும் படகு ஏற்றும் கரையும் வீட்டுக் கணக்கில் அடங்குவன அல்ல. எனவே, 'மீனவர் ஊர்' அல்லது 'மீனவர் குப்பம்' என அடைகொடுத்து வழங்குவது பொருந்தும். 'சேரி' என்றோ 'குடிசைப்பகுதி' என்றோ பெயர்ப்பது பிழையாகும்.

5. காலனியும் கேம்பும்

அணுசக்தி நிலையத்தை அடுத்து அமைந்திருந்தது ஜனதா காலனி. நகரின் பிற இடங்களிலிருந்து மாநகராட்சியாற் குடியமர்த்தப்பட்டோர் அங்கு வாழ்ந்தனர். அவ்வளவில் 'காலனி' என்னும் சொல் அரசின் இசைவைக் குறித்தது. நிலையத்தின் விரிவாக்கத்திற்கு நிலம் வேண்டப்பட்டபோது அதே மக்கள் ஆக்கிரமிப்பாளராகக் கருதப்பட்டனர். கோலார் தங்கவயலிற் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம் இம்மக்களைத் திரட்டிப் பல ஆண்டுகள் போராடினார். அள்ளப்படாத குப்பையைச் சிறுவர்களைக் கொண்டு பொதிகளாக்கி மாநகராட்சி அலுவலகத்தின் முன் குவித்தது அவருடைய தொடக்கச் செயல்களுள் ஒன்று. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில் காலனி தகர்க்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் எனப் பொதுவாகக் குறிக்கப்படும் மக்கள் கழியோரத் தாழ்நிலமான சீத்தா கேம்புக்கு அனுப்பப்பட்டனர். 'கேம்ப்' என்பது தற்காலிகத் தங்கலைக் குறிக்கும் சொல். அரை நூற்றாண்டு கடந்தும் அப்பெயர் நீங்கவில்லை. அங்கு இன்றும் தமிழ் பேசுவோர் கணிசமாக வாழ்கின்றனர்.

இவ்வாறான இடமாற்றங்களை மராத்தி ஆவணங்கள் 'புனர்வசன்' என்கின்றன. தமிழில் இது பெரும்பாலும் 'மறுவாழ்வு' எனப் பெயர்க்கப்படுகிறது. மூலச்சொல்லின் பொருள் மீண்டும் வசிக்கச் செய்தல் என்பதே. வாழ்வு அதில் உறுதிசெய்யப்படவில்லை. தான்சா குடிநீர்க் குழாயையொட்டி வாழ்ந்தோர் 2017 முதலாக மாஹுலின் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டனர். அங்குள்ள காற்று மாசினால் மக்களின் உடல்நலத்திற்குத் தீங்கு நேர்கிறது என்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இலேயே ஏற்றிருந்தது. மக்களை அங்கு வற்புறுத்தி அனுப்பலாகாது எனவும், மாற்றிடம் இல்லாதபோது வாடகை வழங்கப்பட வேண்டும் எனவும் பம்பாய் உயர்நீதிமன்றம் 2019இல் ஆணையிட்டது. 'மறுகுடியமர்வு' என்னும் சொல்லே இந்நிகழ்வின் உண்மையளவைக் குறிக்க வல்லது.

முடிவுரை

டிராம்பேயின் பெயர்களில் கோளியர் ஊர், அயலவர் தீவு, அரசின் நிலையம், குடிபெயர்ந்தோர் கேம்ப் என்னும் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. இவற்றுள் நிறுவனங்களின் அடுக்கிற்கு ஆவணக்காப்பகங்கள் உள்ளன. பிறவற்றிற்குப் பேச்சு வழக்கே காப்பகம். கோளியரின் மீன்பிடி, நீரேற்றம், நிலவகை பற்றிய சொற்களையும் சீத்தா கேம்ப்த் தமிழில் மராத்தி, உருது ஆகியவற்றின் கலப்பையும் களப்பணி வழித் தொகுப்பது மொழியியலாரின் உடனடிப் பணியாகும். மொழிபெயர்ப்பாளர் பணியும் அத்தகையதே. நத்தத்தைக் கிராமமாகவும் மீனவர் ஊரைக் குடிசைப்பகுதியாகவும் குடியமர்வை வாழ்வாகவும் ஆக்கும் சொற்றேர்வு மூலத்தில் இல்லாத ஒன்றைத் தருகிறது. அல்லது மூலத்தில் உள்ள உரிமை ஒன்றைப் பறிக்கிறது. நிலத்தைப் பற்றிய சொல் நீதிமன்றம் வரை செல்லும் இத்தகைய ஊர்களில் அத்தேர்வு நடையழகோடு அமைந்துவிடுவதில்லை.