சீட்டும் சீறலும்: திரிபோலி கிராண்ட் பிரி, 1925–1940

மோட்டார் கழகங்களின் வரலாறு என்றால் கோப்பைகளை வரிசையாக அடுக்கி எழுதுவதுதான் விழா மலர்களின் வழக்கம். திரிபோலி ஆட்டோமொபைல் கிளப்பை அப்படி எழுதினால் பாதிக் கதைதான் கிடைக்கும். அந்தக் கழகத்தின் கிராண்ட் பிரி 1925-லிருந்து 1940-க்குள் 14 முறை நடந்தது. அந்த 14 முறையும் முதல் கேள்வி எந்தக் கார் வேகமானது என்பதல்ல. பணத்துக்கு என்ன வழி என்பதுதான்.

திரிபோலி இருக்கும் லிபியா 1911-இல் இத்தாலி துருக்கியரிடமிருந்து பறித்த நாடு. கடற்கரை நகரங்கள் கைக்கு வந்தாலும் உள்நாடு அடங்க இருபது ஆண்டுகள் ஆயின. கிழக்கே சைரெனைக்காவில் உமர் முக்தாரை 1931-இல் தூக்கிலிட்டார்கள்; நாடோடிக் குடிகளை முகாம்களில் அடைத்தார்கள்; ஆயிரக்கணக்கானோர் அங்கேயே மாண்டார்கள். பந்தய வரலாறுகள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. ஆனால் ஆளுநர்கள் ஏன் ஒரு கார் பந்தயத்தை இத்தனை அக்கறையோடு தாங்கிப் பிடித்தார்கள் என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. நாடு அடங்கிவிட்டது, சாலை போட்டாயிற்று, பயமில்லாமல் வரலாம், குடியேறலாம் என்று ஐரோப்பாவுக்குக் காட்ட அவர்களுக்கு ஒரு மேடை வேண்டியிருந்தது.

முதல் பந்தயம் 1925-இல் நடந்தது. ஒரு சுற்று மட்டும் 71 கிலோமீட்டர். சாதாரணச் சாலைகளையே இணைத்து வகுத்த பாதை. ரெனாத்தோ பலெஸ்த்ரெரோ ஓ.எம். காரில் வென்றார். பின்னர் பாதையை 26 கிலோமீட்டராகச் சுருக்கினார்கள். 1928-இல் புகாட்டி ஓட்டி வென்றவர் தாட்ஸியோ நுவோலாரி. மோட்டார் சைக்கிளிலிருந்து காருக்கு மாறிக்கொண்டிருந்த அவருக்கு அது பெயர் வாங்கித் தந்த வெற்றிகளில் ஒன்று. பெயர் பெற்றவர்கள் வந்தார்கள், கூட்டம்தான் வரவில்லை. 1929-இல் வென்ற பிரில்லி-பெரி பிரபு மறு ஆண்டு அதே ஊரில் ஒத்திகை ஓட்டத்தில் இறந்தார். அந்த 1930 பந்தயத்தில் பதினாறு சிலிண்டர் மாசெராட்டியில் போர்ட்சாக்கினி வென்றதை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. அடுத்த இரண்டு ஆண்டுகள் பந்தயமே இல்லை. கழகத்தின் பெட்டி காலி.

கழகத் தலைவர் எஜீதியோ ஸ்ஃபோர்ட்சினி விடுகிற ஆள் இல்லை. பழைய சாலைப் பாதையைக் கைவிட்டு, ஐரோப்பாவில் இருப்பதைப் போலத் தனியாக ஒரு பந்தயத் தடம் கட்டுவது என்று இறங்கினார். நகருக்குக் கிழக்கே மெல்லாஹா என்ற உப்பேரி. பக்கத்தில் இத்தாலிய விமானப்படையின் தளம். ஏரியைச் சுற்றி 13.1 கிலோமீட்டருக்கு அகலமான தடம் போட்டார்கள். நீண்ட நேர்ப்பாதைகள், காலை எடுக்காமலே திரும்பக்கூடிய பெரிய வளைவுகள். பத்தாயிரம் பேர் உட்காரும் கான்கிரீட் பார்வையாளர் மாடம். எதிரே வெள்ளைவெளேரென்று ஒரு கோபுரம். ஐரோப்பாவில் அந்நாளில் வைக்கோல் பொதிகளுக்கும் மரப்பலகைத் தட்டிகளுக்கும் நடுவே பந்தயம் பார்த்துப் பழகியவர்கள் அந்த மாடத்தைப் பார்த்து வாய் பிளந்தார்கள். அதிவேகத் தடங்களில் ஒன்று என்று ஓட்டிகளிடம் அதற்குப் பெயர்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? பத்திரிகையாளர் ஜியோவான்னி கனெஸ்திரினி சொன்ன யோசனையிலிருந்து. பந்தயத்தை ஒரு லாட்டரியோடு முடிச்சுப் போடுங்கள் என்றார் அவர். ரோம் ஒப்புக்கொண்டது. 1932 அக்டோபரிலிருந்து இத்தாலி முழுக்க 12 லிரா விலையில் சீட்டு விற்றார்கள். பந்தயத்துக்கு எட்டு நாள் முன்பு 30 சீட்டுகளைக் குலுக்கி எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு காருக்கு ஒதுக்கினார்கள். முதலில் வரும் காரின் சீட்டுக்காரருக்கு 30 லட்சம் லிரா, இரண்டாவதற்கு 20 லட்சம், மூன்றாவதற்கு 10 லட்சம். விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற நமக்குத் தெரிந்த அதே கணக்குத்தான். சீட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவையே பார்த்ததில்லை. பந்தயக் காரையும் பார்த்திருக்க மாட்டார்கள். கழகத்துக்குத் தன் பங்கு கிடைத்தது. ஓட்டிகளுக்குக் கொழுத்த பரிசு கிடைத்தது.

ஓட்டையும் அந்த எட்டு நாளில்தான் இருந்தது. தன் சீட்டு எந்த ஓட்டிக்கு விழுந்திருக்கிறது என்று சீட்டுக்காரருக்குத் தெரியும். தன் மேல் யாருடைய 30 லட்சம் உட்கார்ந்திருக்கிறது என்று ஓட்டிக்கும் தெரியும். நடுவில் ஒரு வாரம். அந்த வாரத்தில் ரோமின் ஒரு ஓட்டலில் நுவோலாரி, வார்ட்ஸி, போர்ட்சாக்கினி என்ற மூன்று ஓட்டிகளும் தங்கள் பெயர் விழுந்த சீட்டுக்காரர்களைச் சந்தித்தார்கள். நம்மில் யார் வென்றாலும் வரும் தொகையைப் பங்கு போட்டுக்கொள்வோம் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். இதைத் தடுக்கும் விதி எதுவும் அப்போது இல்லை. கனெஸ்திரினியே பிற்காலத்தில் இதை எழுதினார்.

1933 மே 7. 30 சுற்றுகள். வார்ட்ஸி தன் புகாட்டியில் கூடுதலாக ஒரு பெட்ரோல் தொட்டி பொருத்தியிருந்தார். நிற்காமல் ஓடி முடிப்பது திட்டம். ஆல்ஃபா ரோமியோவில் நுவோலாரி முன்னால் போனாலும் பெட்ரோலுக்கு நிற்க வேண்டியிருந்தது. கடைசிக் கட்டத்தில் வார்ட்ஸியின் முதல் தொட்டி வற்றி, அடுத்த தொட்டிக்கு மாற்றும் நேரத்தில் எஞ்சின் இருமியது. அதற்குள் நுவோலாரி நெருங்கிவிட்டார். இருவரும் ஏறக்குறைய ஒன்றாகக் கோட்டைத் தாண்டினார்கள், வார்ட்ஸி 0.2 விநாடி முன்னால்.

மூன்றாவதாக வந்தவர் இங்கிலாந்தின் சர் ஹென்றி பிர்க்கின், சக ஓட்டி பெர்னார்ட் ரூபினுக்குச் சொந்தமான மாசெராட்டியில். எரிபொருள் நிரப்ப நின்ற இடைவெளியில் சிகரெட் லைட்டருக்காகக் கையை நீட்டியபோது, பழுத்துக் கிடந்த புகைபோக்கிக் குழாயில் முன்கை பட்டுவிட்டது. கொதிக்கும் குழாயில் சட்டை மறைக்காத கை. அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் பந்தயத்தை முடித்தார். ஜூன் 22-ஆம் தேதி லண்டனில் இறந்துபோனார். புண்ணில் ஏறிய நஞ்சு என்பார்கள் சிலர். முதல் உலகப் போரில் தொற்றிய மலேரியா திரும்பியது என்பார்கள் வேறு சிலர்.

இனி அந்தப் பிரபலமான ஊழல் கதை. பந்தயமே நாடகம், முன்னால் போனவர்கள் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினார்கள், யார் வெல்வது என்பது முன்கூட்டியே எழுதிவைத்தது என்று பல நூல்கள் இன்றும் சுவையாகச் சொல்கின்றன. அதன் ஊற்று மெர்சிடிஸ் அணியின் மேலாளராயிருந்த ஆல்ஃப்ரெட் நாய்பவர் 1958-இல் வெளியிட்ட நினைவு நூல். நாய்பவர் 1933-இல் திரிபோலியில் இல்லை. மெர்சிடிஸ் அணியும் அங்கே போட்டியிடவில்லை. நூல் வந்தபோது மறுத்துப் பேச ஒப்பந்தம் எழுதிய ஓட்டிகளில் யாரும் உயிரோடு இல்லை. போர்ட்சாக்கினியும் அதே பந்தயத்தில் ஓடிய காம்பாரியும் 1933 செப்டம்பர் 10 அன்று மோன்ட்ஸாவில் ஒரே நாளில் மாண்டவர்கள். வார்ட்ஸி 1948-இல், நுவோலாரி 1953-இல் போய்விட்டார்கள். பங்கு போட ஒப்பந்தம் இருந்தது; அது உண்மை. பந்தயம் பொய் என்பதற்குச் சான்று இல்லை. பங்கு எழுதிய மூவரில் யார் முதலில் வந்தாலும் பணம் ஒன்றுதான் என்றால், தோற்பதற்காக வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டிய அவசியம் என்ன? நாய்பவர் நல்ல கதைசொல்லி. அதுதான் இங்கே தொல்லை.

அதிகாரிகள் பாடம் கற்றார்கள். அடுத்த ஆண்டு முதல் சீட்டுகளைக் காருக்கு ஒதுக்குவது பந்தயம் கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன்புதான்.

1934 தொடக்கத்தில் ஆளுநராக வந்தவர் இத்தாலோ பால்போ. முந்தின ஆண்டு கடல் விமானங்களின் பெரும் அணியை நடத்தி அட்லாண்டிக்கைத் தாண்டி சிகாகோ வரை பறந்த மனிதர். முசோலினிக்குப் போட்டியாக வளர்ந்துவிடுவார் என்பதால்தான் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார் என்று பலரும் கருதினார்கள். காட்சி எப்படி நடத்துவது என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தய வாரம் என்றால் ஆளுநர் மாளிகையில் விருந்து, புதிதாகக் கட்டிய வத்தான் ஓட்டலில் ஓட்டிகள், துறைமுகத்தில் இத்தாலியிலிருந்து வந்த கப்பல்கள். பந்தயம் 40 சுற்றாக, 524 கிலோமீட்டராக நீண்டது.

அந்த 1934 பந்தயத்தைப் பற்றிக் கூடுதலாக ஒரு வார்த்தை, ஏனென்றால் வட ஆப்பிரிக்க மண்ணிலேயே பிறந்த பெரிய ஓட்டி அதில் இருந்தார். கீ மோல், அல்ஜீரியாவின் ரிவே என்ற ஊரில் பிறந்தவர். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் ஸ்பானியர். அல்ஜியர்ஸில் தொழில் நடத்திய மார்செல் லெஹூ அவரைத் தூக்கிவிட்டவர்; லெஹூவும் சாதாரணர் அல்லர், அல்ஜியர்ஸ், துனிஸ் பந்தயங்களில் வென்றவர். மோல் 1934 ஏப்ரலில் மொனாக்கோவை வென்றார். மே மாதம் திரிபோலியில் வார்ட்ஸிக்கு மயிரிழையில் இரண்டாவது. வழி விடாமல் மறித்தார் என்று வார்ட்ஸி மேல் அவருக்குக் கோபம். ஆகஸ்டில் பெஸ்காராவில் கார் தடம் விலகி மாண்டபோது வயது 24. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த துனிஸிலும் அல்ஜியர்ஸிலும் தனித்தனியே கிராண்ட் பிரி நடந்தது. ஆனால் திரிபோலியின் பணமோ பகட்டோ அவற்றுக்கு இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இந்தப் பட்டியல்களில் மேலே வரும் பெயர்கள் எல்லாம் குடியேறியவர்களுடையவை, வந்துபோனவர்களுடையவை. மண்ணின் அரபியரோ பெர்பர்களோ அவற்றில் இல்லை.

இத்தாலியின் பெருமைக்காகக் கட்டிய தடத்தில் 1935 முதல் ஜெர்மன் கார்களே வென்றுகொண்டிருந்தன. முதலில் கரச்சியோலா, மெர்சிடிஸில். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மொனாக்கோவில் தொடை எலும்பு நொறுங்கி, இனி ஓட்டமாட்டார் என்று கைவிடப்பட்டவர். 1936-இல் வார்ட்ஸி, ஆட்டோ யூனியனில். 1937-லும் 1938-லும் ஹெர்மன் லாங். மெர்சிடிஸ் பட்டறையில் மெக்கானிக்காகத் தொடங்கி ஓட்டியானவர். 1938 பந்தயம் கொடியது. ஆல்ஃபா ஓட்டி யூஜெனியோ சியெனா பந்தயத்திலேயே மாண்டார். ஹங்கேரியின் லாஸ்லோ ஹார்ட்மன் விபத்தில் அடிபட்டு மறுநாள் இறந்தார்.

விருந்து நம்முடையது, வெற்றி அவர்களுடையது என்ற நிலை இத்தாலிக்குப் பொறுக்கவில்லை. 1938 செப்டம்பரில் ஓர் அறிவிப்பு: அடுத்த ஆண்டு முதல் இத்தாலியப் பந்தயங்கள் 1,500 சி.சி. கார்களுக்கு மட்டும். அந்த அளவில் ஆல்ஃபாவிடமும் மாசெராட்டியிடமும் நல்ல கார்கள் இருந்தன. ஜெர்மானியரிடம் ஒன்றும் இல்லை. ஆனால் மெர்சிடிஸ் எட்டு மாதத்துக்குள் புதிதாக ஒரு காரை வரைந்து, வார்த்து, பூட்டி முடித்தது: டபிள்யூ 165. 1,493 சி.சி., வி வடிவில் எட்டு சிலிண்டர், சூப்பர்சார்ஜர், சுமார் 250 குதிரைத்திறன். பந்தயத்துக்கு இரண்டே கார்கள் தயாராகின.

1939 மே 7 அன்று கிளம்பும் வரிசையில் முதலிடம் லூயிஜி வில்லோரேசிக்கு. காற்றைக் கிழிக்கும் உடலமைப்புள்ள மாசெராட்டி. தொடங்கியதுமே அது பழுதாகி ஒதுங்கியது. ஆல்ஃபாக்கள் வெயிலில் கொதித்து ஒவ்வொன்றாக விழுந்தன. லாங் முதல், கரச்சியோலா இரண்டாவது, எமீலியோ வில்லோரேசியின் ஆல்ஃபா மூன்றாவது. எதிராளி வராதபடி எழுதிய விதியை எதிராளியே வந்து வென்றால் விருந்து கொடுப்பவர் என்ன முகத்தோடு கை தட்டுவது? பால்போ தட்டினார் என்பதே அவருடைய பெருமை. டபிள்யூ 165 வேறெந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை.

அடுத்த பந்தயத்துக்கு ஜெர்மானியர் வர முடியவில்லை. அவர்கள் போரில் இருந்தார்கள். 1940 மே 12 அன்று ஃபரீனா, பியொந்தெத்தி, ட்ரொஸ்ஸி என்று மூன்று ஆல்ஃபா 158-கள் வரிசையாக வந்தன. விரும்பிய முடிவு கிடைத்த நேரத்தில் பார்க்க ஐரோப்பா இல்லை. ஒரு மாதத்துக்குள் இத்தாலியும் போரில் குதித்தது. ஜூன் 28-ஆம் தேதி தோப்ருக் வானில் பால்போவின் விமானத்தை இத்தாலியப் பீரங்கிகளே தவறுதலாகச் சுட்டு வீழ்த்தின.

1943 ஜனவரியில் பிரிட்டிஷார் திரிபோலியைப் பிடித்தார்கள். மெல்லாஹா விமானத்தளம் பிறகு அமெரிக்கர் கைக்குப் போய் வீலஸ் தளம் ஆனது. 1970-இல் அவர்கள் வெளியேறினார்கள். இன்று அது மிட்டிகா விமான நிலையம். பந்தயம் திரும்பவே இல்லை. ஆனால் ஜெர்மானியரை ஒதுக்கக் கொண்டுவந்த அந்த 1,500 சி.சி. சூப்பர்சார்ஜர் அளவு, போருக்குப் பின் வந்த ஃபார்முலா ஒன் விதியில் இடம்பெற்றது. 1950 மே 13-இல் சில்வர்ஸ்டோனில் நடந்த முதல் உலகச் சாம்பியன்ஷிப் பந்தயத்தை வென்றது ஆல்ஃபா 158. ஓட்டியவர் அதே ஃபரீனா. திரிபோலியின் கடைசிப் பந்தயம் முடிந்து பத்து ஆண்டுகளும் ஒரு நாளும் ஆகியிருந்தன.