வாக்கும் ஒப்புதலும்: உறைகரு வழக்குகளில் மீளமுடியாத கணம் எது?

2001 அக்டோபர் 10 அன்று இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள கருத்தரிப்பு நிலையம் ஒன்றில், குழந்தைக்காகச் சிகிச்சை பெற்றுவந்த ஒரு பெண்ணிடம் அவருடைய இரு சினைப்பைகளிலும் புற்றுநோயாக மாறக்கூடிய கட்டிகள் இருப்பதாகச் சொன்னார்கள். சினைப்பைகளை அகற்றியாக வேண்டும். கட்டிகள் மெதுவாக வளர்வதால், அதற்கு முன் சினைமுட்டைகளை எடுத்துக் கருவாக்கி உறையவைக்க அவகாசம் இருந்தது. அதிக அவகாசம் இல்லை. அவர் அங்கிருந்த தாதியிடம் ஒன்று கேட்டார்: கருவாக்காமல் முட்டைகளை மட்டும் உறையவைக்க முடியுமா? அந்த நிலையத்தில் அது செய்யப்படுவதில்லை, வெற்றி வாய்ப்பும் மிகக் குறைவு என்று பதில் வந்தது. உடனிருந்த துணைவர், தாம் பிரியப்போவதில்லை என்றும், அந்தப் பேச்சே தேவையில்லை என்றும், அவளுடைய குழந்தைக்குத் தகப்பனாக இருக்கத் தான் விரும்புவதாகவும் சொன்னார். நவம்பர் 12இல் 11 முட்டைகள் எடுக்கப்பட்டன. 6 கருக்கள் உருவாகி உறைநிலைக்குப் போயின. நவம்பர் 26இல் சினைப்பைகள் அகற்றப்பட்டன. கருவைக் கருப்பையில் வைக்க இரண்டு ஆண்டு காத்திருக்கும்படி மருத்துவர்கள் அறிவுறுத்தினார்கள். 2002 மே மாதம் இருவரும் பிரிந்தார்கள். ஜூலையில் அந்த ஆண் நிலையத்துக்குக் கடிதம் எழுதினார்: கருக்களை அழித்துவிடுங்கள்.

'எவான்ஸ் எதிர் ஐக்கிய இராச்சியம்' என்று சட்ட நூல்கள் குறிக்கும் வழக்கு இது. தீர்ப்பில் அந்த ஆணுக்கு 'ஜே' என்ற ஓரெழுத்துப் பெயர். 2003இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றமும், 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2006இல் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றத்தின் அமர்வும், இறுதியாக 2007 ஏப்ரல் 10இல் அதன் பேரமர்வும் மனுதாரரான அந்தப் பெண்ணுக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. பேரமர்வில் 13 நீதிபதிகள் ஒருபுறம், 4 பேர் மறுபுறம். முடிவைத் தாண்டி, முடிவுக்கு அடியிலிருக்கும் ஓர் அனுமானமே என்னை உறுத்துகிறது. ஒப்புதல் என்பது ஒரே பொருள், அது இருவருக்கும் ஒரே கணத்தில்தான் மீளமுடியாததாகும் என்பது அந்த அனுமானம்.

1990ஆம் ஆண்டின் மனிதக் கருவுறுதல் மற்றும் கருவியல் சட்டம் இந்த விஷயத்தில் ஒரு நேர்க்கோடு போட்டிருந்தது. கரு பயன்படுத்தப்படும் வரை, அதாவது கருப்பையில் வைக்கப்படும் வரை, முட்டை தந்தவரும் விந்தணு தந்தவரும் தத்தம் ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், திரும்பப் பெறலாம். இது இப்படித்தான் வந்தாக வேண்டும் என்றிருக்கவில்லை. சட்டத்துக்கு முன்னோடியான வார்னாக் குழு, 1984 அறிக்கையில் வேறொன்றைப் பரிந்துரைத்திருந்தது: தம்பதிக்குள் இணக்கம் இல்லையென்றால், முடிவெடுக்கும் உரிமை கருவைச் சேமித்துவைக்கும் நிறுவனத்துக்குப் போக வேண்டும். பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பதைச் சேமிப்புக் கிடங்கு தீர்மானிக்கும் அந்த யோசனையை நாடாளுமன்றம் ஏற்காததில் வியப்பில்லை. ஆனால் அதற்குப் பதில் வைத்த ஒப்புதல் ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. ஒப்புதல் தருபவர் இறந்துபோனால், அல்லது முடிவெடுக்கும் திறனை இழந்தால் கருவை என்ன செய்வது என்று எழுத்தில் சொல்லியாக வேண்டும் என்றது சட்டம். பிரிந்தால் என்ன செய்வது என்று சொல்ல வேண்டும் என்று அது விதிக்கவில்லை. சாவைப் பற்றிக் கேட்கத் தயங்காத படிவத்துக்குப் பிரிவைப் பற்றிக் கேட்கக் கூச்சமாக இருந்திருக்கிறது.

நம் பேச்சில் சம்மதமும் வாக்கும் ஒன்றல்ல. சம்மதம் கேட்டவுடன் சொல்வது, நாளை மாறலாம், மாறினால் குற்றமில்லை. வாக்கு அப்படியல்ல. ஒருவர் சொன்ன சொல்லை நம்பி இன்னொருவர் தன் நிலத்தை விற்றுவிட்டார், ஊரை விட்டு வந்துவிட்டார் என்றால், அங்கே 'மனசு மாறிவிட்டது' என்ற பதில் எடுபடாது. சட்டமும் இந்த வேறுபாட்டை அறியாததல்ல. முரண்தடை என்ற கோட்பாடே அதற்காக இருப்பதுதான். மனுதாரர் தரப்பு அந்த வாதத்தையும் வைத்தது. எந்த வேளையிலும் ஒப்புதலை மாற்றலாம் என்று சட்டமே சொல்லியிருக்க, தனிப்பட்ட உறுதிமொழி அதை மீறி நிற்காது என்று அது தள்ளப்பட்டது. அந்தக் காலச் சட்ட வாசகத்தை வைத்துப் பார்த்தால் நீதிபதிகளைக் குறை சொல்ல முடியாது. குறை சட்டத்தில். ஜே இரண்டு செயல்களைச் செய்தார்: படிவத்தில் ஒப்புதல் அளித்தார், துணைவியிடம் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைக் கேட்ட பிறகு அவள் வேறு வழி தேடவில்லை. சட்டத்தின் காதில் விழுந்தது படிவம் மட்டும்.

இங்கேதான் மீளமுடியாத கணம் என்ற கேள்வி வருகிறது. சட்டம் அதைக் கருப்பை வாசலில் வைத்தது. ஜேயைப் பொறுத்தவரை அது சரி. அந்தக் கணம் வரை அவர் இழந்தது எதுவுமில்லை. வேறொரு பெண்ணோடு நாளைக்கே பிள்ளை பெறலாம். மனுதாரருக்கோ அந்தக் கணம் நவம்பர் 26ஆம் தேதியே கடந்துவிட்டது. அதற்குப் பின் உலகத்தில் அவருடைய முட்டையிலிருந்து உருவாகக்கூடிய பிள்ளைகள் ஆறே ஆறு. அவை உறைகலத்தில் இருந்தன. இருவருக்கும் ஒரே கோடு என்பது பார்வைக்குச் சமத்துவம். ஒருவர் பாலத்தைக் கடந்து, பின்னால் பாலம் இடிந்த பிறகும், இன்னும் கரையிலேயே நிற்பவருக்கு 'நீ வராவிட்டாலும் சரி, அவரையும் திரும்ப அழைத்துக்கொள்' என்று சொல்லும் சமத்துவம்.

எதிர்வாதங்களில் இரண்டு கனமானவை. முதலாவது, நேர்க்கோட்டின் தெளிவு. ஒவ்வொரு வழக்கிலும் யாருடைய ஏக்கம் பெரிது என்று தராசில் நிறுத்துவது நீதிமன்றத்தால் ஆகிற காரியமா? பேரமர்வு இதற்கு நிறைய இடம் கொடுத்தது. ஐரோப்பிய நாடுகளுக்குள் ஒருமித்த வழக்கமும் இல்லை என்று அது சுட்டியது. டென்மார்க், பிரான்ஸ், நெதர்லாந்து போன்ற நாடுகளில் கருப்பையில் வைக்கும் வரை யாரும் பின்வாங்கலாம். ஆஸ்திரியாவிலும் எஸ்டோனியாவிலும் ஆணின் ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமை கருவாக்கத்தோடு முடிந்துவிடும். ஜெர்மனியிலும் இத்தாலியிலும் முட்டை கருவுற்ற பின் இருவருமே பின்வாங்க முடியாது. ஹங்கேரியில், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், மணமுறிவுக்குப் பிறகும் பெண் சிகிச்சையைத் தொடரலாம். இந்தப் பட்டியலை நீதிமன்றம் 'அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம்' என்பதற்குச் சான்றாகப் படித்தது. எனக்கு அது இன்னொன்றையும் சொல்கிறது: கருவாக்கத்திலேயே கோடு போட்ட நாடுகளும் தெளிவான கோட்டைத்தான் போட்டன. ஆக, தெளிவு வேண்டும் என்ற வாதம் கோடு எங்கே என்பதைத் தீர்மானிப்பதில்லை.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கூர்மையானது. உயர் நீதிமன்ற நீதிபதி வால் அதை எழுப்பினார். நிலைமையைத் தலைகீழாக்கிப் பாருங்கள். விதைப்பைப் புற்றுநோய் வந்த ஆண், சிகிச்சைக்கு முன் சேமித்த விந்தணுவால் துணைவியோடு கருக்களை உருவாக்கினான், பிறகு பிரிந்தார்கள். அவள் அந்தக் கருவைத் தன் வயிற்றில் ஏற்க மறுத்தால் யாராவது கட்டாயப்படுத்துவார்களா? மாட்டார்கள். அப்படியானால் ஜேக்கும் அதே விடுதலை வேண்டாமா? முதல் முறை படித்தபோது இதற்கு விடை இல்லை என்றே நினைத்தேன். ஆனால் இந்தத் தலைகீழ் சரியான தலைகீழ் அல்ல. அந்தக் கற்பனைப் பெண் மறுப்பது தன் உடலுக்குள் கரு வருவதை. அந்த மறுப்புக்கு ஈடான எந்த மறுப்பும் ஜேயிடம் இல்லை. சரியான எதிர்நிலை வேண்டுமென்றால், மலடாகிவிட்ட அந்த ஆண் வாடகைத் தாய் ஒருவரின் வயிற்றில் கருவை வைக்கக் கேட்க வேண்டும். அப்போது துணைவியின் உடல் இதில் இல்லை. அவளுடைய மரபணு மட்டுமே இருக்கிறது. அந்த நிலையில், அவனுக்கு வேறு வழியே இல்லையென்றால், நான் அவன் பக்கம்தான் நிற்பேன்.

இது வெறும் கற்பனையும் அல்ல. ஏறக்குறைய இப்படிப்பட்ட வழக்கு ஒன்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நஹ்மானி வழக்கில் மனைவிக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது, சினைப்பைகள் இருந்தன. வாடகைத் தாய் மூலம் பிள்ளை பெற இருவரும் சேர்ந்து கருக்களை உருவாக்கினார்கள். கணவர் பிரிந்துபோய் மறுத்தார். 1995இல் ஐவர் அமர்வு கணவருக்குச் சார்பாகவும், 1996இல் விரிவான அமர்வு 7க்கு 4 என்ற கணக்கில் மனைவிக்குச் சார்பாகவும் தீர்ப்பளித்தன. சினைப்பைகளையே இழந்த எவான்ஸ் வழக்கின் மனுதாரரைவிட அந்த மனைவியின் மருத்துவ நிலை ஒரு படி மேலானது. ஆனால் வென்றவர் அவர்.

அமெரிக்காவில் டென்னசி உச்ச நீதிமன்றம் 1992இல் டேவிஸ் வழக்கில் சொன்ன சூத்திரம் நடுவழி: பொதுவாகப் பெற்றோராக விரும்பாதவரே வெல்ல வேண்டும், மற்றவருக்குப் பெற்றோராக வேறு நியாயமான வழி இருக்கும் பட்சத்தில். அந்த வழக்கில் ஏழு கருக்கள். விசாரணை நீதிமன்றம் அவற்றைப் பிள்ளைகளாகவே கருதித் தாயிடம் ஒப்படைத்திருந்தது. உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது மனைவி அவற்றை வேறொரு தம்பதிக்குக் கொடுக்கவே விரும்பினார். கணவர் வென்றார், சரியாகவே வென்றார். நியூயார்க் 1998இல் காஸ் வழக்கில் படிவத்தில் எழுதியதே இறுதி என்றது. 2000இல் மாசசூசெட்ஸ், விருப்பமில்லாதவரைப் பெற்றோராக்கும் ஒப்பந்தத்தை நிறைவேற்ற மறுத்தது. ஒப்பந்தப் பாதையில் எனக்கு நம்பிக்கை குறைவு. மயக்க மருந்துக்கும் ஹார்மோன் ஊசிக்கும் இடையில் கையெழுத்திடும் தாளில் யாரும் தங்கள் பிரிவை நிதானமாக எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகவே என் நிலை இது. ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையே பொதுவிதியாக இருக்கட்டும். ஆனால் ஒருவருடைய இனப்பெருக்க ஆற்றல் மீளாதபடி போய்விட்டதென்றால், அந்தக் கருக்கள் அந்த இழப்பை எதிர்நோக்கியே, மற்றவருக்குத் தெரிந்தே உருவாக்கப்பட்டவை என்றால், மற்றவரின் ஒப்புதல் கருவாக்கத்தோடு முடிந்ததாகக் கொள்ள வேண்டும். இதுவும் கோடுதான், மருத்துவக் குறிப்பேட்டிலிருந்தே படிக்கக்கூடிய கோடு. ஏக்கத்தை எடை போடத் தேவையில்லை. கருவாக்கத்துக்கு முன் பிரிவு பற்றிய கேள்வியை இருவரிடமும் தனித்தனியே, மற்றவர் இல்லாத அறையில், கேட்க வேண்டும். பிரிந்தால் ஒப்புதல் இல்லையெனப் பதில் வந்தால், முட்டைகளையாவது தனியே காப்பாற்ற நேரம் இருக்கும்.

பெற்றோர் உரிமையும் கடமையும் இதில் தனிக் கணக்கு. பராமரிப்புச் செலவு, வாரிசுரிமை ஆகியவற்றிலிருந்து விரும்பாதவரை விடுவிப்பது சட்டமன்றத்துக்கு முடியாத காரியமல்ல. உரிமம் பெற்ற நிலையங்களில் விந்தணுக் கொடை தருவோர் விஷயத்தில் பிரிட்டிஷ் சட்டம் அதைச் செய்தே இருக்கிறது. எஞ்சுவது, 'என் ரத்தம் எங்கோ வளர்கிறது' என்ற உணர்வு. அதைச் சிறியதென்று நான் சொல்லமாட்டேன். ஜே பணத்துக்காக மறுக்கவில்லை. தான் வளர்க்காத பிள்ளைக்குத் தகப்பனாக இருப்பது அவருக்குக் கொள்கையளவிலேயே ஏற்புடையதாக இல்லை. ஆனால் அந்த உணர்வையும், மரபணு வழிப் பிள்ளைக்கான கடைசி வாய்ப்பு அழிவதையும் அருகருகே வைத்தால், பேரமர்வின் நான்கு நீதிபதிகளைப் போல, இந்தச் சூழலில் பின்னதே கனம் என்றுதான் சொல்ல முடிகிறது.

பிரிட்டன் 2008இல் சட்டத்தைத் திருத்தியபோது நேர்க்கோட்டை நகர்த்தவில்லை. ஒருவர் ஒப்புதலைத் திரும்பப் பெற்றால், கருக்களை உடனே அழிக்காமல் ஓராண்டு வரை வைத்திருக்கலாம் என்ற ஆறப்போடும் காலத்தை மட்டும் சேர்த்தது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டுத் துணைநிலை இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டமும் கோட்டை அதே இடத்தில்தான் போட்டிருக்கிறது: கருப்பையில் வைக்கும் வரை ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், சேமிப்புக்கு உச்சவரம்பு பத்து ஆண்டு. தொழில்நுட்பம் மட்டும் இதற்கிடையில் வேகமாக நகர்ந்துவிட்டது. அன்று தாதியிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு இன்று பல நிலையங்களில் 'முடியும்' என்பதே பதில். அதிவேக உறைமுறை வந்தபின் கருவாக்காத முட்டைகள் நன்றாகவே பிழைக்கின்றன. புற்றுநோய் சிகிச்சைக்குப் போகும் பெண்ணிடம், எடுத்த முட்டைகளில் ஒரு பாதியை அவளுக்கென்றே வைத்துக்கொள்ளும்படி எந்த மருத்துவரும் சொல்லலாம். துணைவர் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது.