காலிமுகத்திடல்: கல்லில் பொறித்த வேண்டுகோள்

கொழும்புக்கு வந்து காலிமுகத்திடலைக் காணாமல் ஊர் திரும்பியவர் மிகச் சிலராகவே இருப்பர். பட்டம் விடும் பிள்ளைகள், இறால் வடை விற்கும் தள்ளுவண்டிகள், கடலைப் பார்த்தபடி குடும்பம் குடும்பமாக அமர்ந்திருப்போர் என அதன் மாலைக் காட்சிகள் நம் நினைவில் நிற்கின்றன. ஆனால், நேயர்களே, கடலோர நடைபாதையருகே நிற்கும் நினைவுக்கல்லை நின்று வாசித்தவர் எத்தனை பேர்?

தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கிய இந்நடைபாதை 1859 இல் நிறைவுற்றது என்று அக்கல் கூறுகின்றது. அத்துடன், கொழும்பின் பெண்கள், குழந்தைகளின் நலனை முன்னிட்டு இதனைப் பேணும்படி அவருக்குப் பின்வரும் ஆட்சியாளர்களிடம் வேண்டியும் நிற்கின்றது. இத்திடலின் பிற்கால வரலாறு முழுவதையும் அந்த வேண்டுகோளின் ஒளியிலே பார்க்கலாம்.

ஒல்லாந்தர் காலத்தில் இது உலாவும் இடமாக இருக்கவில்லை. கோட்டைப் பீரங்கிகளின் குறிக்கு மறைப்பு நேராதவாறு வெறுமையாக விடப்பட்ட நிலம் இது. ஆங்கிலேயர் காலத்தில் அந்த வெளி களியாட்டக் களமாயிற்று. இங்கே குதிரைகள் ஓடின. 1879 இல் கொழும்பு கொல்ப் கழகம் தோன்றியதும் இங்கேதான். றோயல் கல்லூரியும் சென் தோமஸ் கல்லூரியும் முதன்முதலில் கிரிக்கற் களத்தில் சந்தித்ததும் அதே ஆண்டு இங்கேதான். 1864 இல் தெற்கு எல்லையில் ஹோட்டல் எழுந்தது. பின்னர் குதிரைப் பந்தயம் கறுவாத்தோட்டத்துக்கு மாறிச் சென்றது. துரைமாரின் திடல் மெல்ல மெல்லப் பொதுசனத்தின் திடலாயிற்று. அதன் பரப்பும் சுருங்கியது. இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 5 ஹெக்டயர் மட்டுமே.

1930 இல் வடக்கு எல்லையில் சட்டசபைக் கட்டடம் திறக்கப்பட்டது. பின்னாளில் பாராளுமன்றமாகவும் அதன் பின் ஜனாதிபதி செயலகமாகவும் விளங்கிய கட்டடம் அதுவே. அன்று முதல் அதிகாரத்தின் வாசலும் மக்களின் புற்றரையும் அருகருகே அமைந்தன. குறை சொல்ல வருபவன் வாசலுக்கு எதிரேதானே வந்து நிற்பான்?

1956 யூன் 5 ஆந் திகதி தனிச்சிங்களச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் இத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தனர். அமைதியாக அமர்ந்திருந்தவர்களைக் கும்பலொன்று தாக்கியது. தலையில் காயமுற்ற அமிர்தலிங்கம் கட்டுடன் சபைக்குள் சென்றார். வன்செயல் நகரெங்கும் பரவியது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பாதுகாப்பாக விடப்பட்ட புல்வெளியில், தமிழர் பலருக்கு அன்றோடு அச்சமும் முளைத்தது.

அறுபத்தாறு ஆண்டுகள் கழிந்தன. 2022 ஏப்ரல் 9 ஆந் திகதி, பொருளாதார நெருக்கடியால் வெகுண்ட மக்கள் இதே திடலில் கூடாரம் அடித்தனர். கூடாரங்களிடையே ஒரு நூலகமும் இயங்கியது. மே 9 இல் அரச ஆதரவாளர்கள் அவர்களைத் தாக்கினர். ஒன்பது நாள்கள் கழித்து, மே 18 இல், முள்ளிவாய்க்காலில் மாண்டோருக்கு அங்கே விளக்கேற்றப்பட்டது, கஞ்சியும் பரிமாறப்பட்டது. தமிழரோடு சிங்களவரும் நின்று அஞ்சலித்தனர். யூலை 14 இல் ஜனாதிபதி பதவி விலகினார். 22 ஆந் திகதி அதிகாலையில் படையினர் புகுந்து செயலக வாசலிலிருந்த கூடாரங்களைப் பிய்த்தெறிந்தனர்.

அந்த ஒரு மாலை விளக்கு 1956 இன் காயத்தை ஆற்றிவிட்டது என்று எவரும் சொல்லார். ஆயினும் அடி வாங்கிய இடத்திலேயே நம்மவர் துயரையும் பிறர் கேட்டனர் என்பது வரலாற்றில் பதிய வேண்டிய செய்தி.

வார்ட் எந்தப் பெண்களை, எவர் குழந்தைகளை மனத்திற் கொண்டு அந்த வாசகத்தைப் பொறிப்பித்தாரோ நாமறியோம். கல்லில் இனமோ மொழியோ குறிக்கப்படவில்லை. அடுத்த முறை அங்கே செல்லும்போது, பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துச் சென்று அதை வாசித்துக் காட்டுங்கள். அந்த வேண்டுகோள் அப்பிள்ளைக்காகவும் விடுக்கப்பட்டதுதான்.