மூடிய கடையும் புதுச் சட்டையும்

பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று கேட்டார்கள். கடாரம் கொண்ட சோழனைப் பற்றி எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். நான் ஒரு சட்டையைப் பற்றி எழுதுகிறேன். பெற்றோர்களும் மாணவச் செல்வங்களும் பொறுத்தருள வேண்டும்.

பள்ளியில் கூட்டுத் துப்புரவுப் பணி நடந்த அன்று, தந்தை ஒருவர் கறுப்பு டீ-சட்டை அணிந்து வந்தார். நெஞ்சில் பெரிய எழுத்தில் 'யாவோஹான்' என்று அச்சிட்டிருந்தது. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், "அது என்னா சார், புதுப் படமா?" என்று கேட்டான். "படமில்லடா, கடை. மூடிட்டாங்க" என்றார் அவர். மூடிப்போன கடைக்குப் புதுச் சட்டையா என்று பையன் விழித்தான். அவன் கேட்டதும் நியாயந்தானே!

யாவோஹான் என்பது ஜப்பானியப் பேரங்காடி. 1930-ல் அத்தாமி என்ற ஊரில் ரியோஹெய் வாடா, கத்சு வாடா என்ற கணவன் மனைவி நடத்திய காய்கறிக் கடைதான் அதன் வேர். ஜப்பானில் காய்கறிக் கடையை 'எண்ணூறு' என்ற எழுத்துகளால் எழுதுவார்கள். எத்தனையோ வகைச் சாமான் இருக்கும் என்று பொருள். அந்த எண்ணூறுதான் 'யாவோ'. மூத்த மகன் கசுவோ வாடா 1971-ல் பிரேசிலிலும், 1974-ல் சிங்கப்பூரிலும் கிளை திறந்தார்.

நம் நாட்டில் 1982-ல் கிழக்கை நோக்கும் கொள்கை அறிவிக்கப்பட்டது. 1985-ல் டாயாபூமியில் ஜெயா ஜஸ்கோ வந்தது. 1987-ல் கோலாலம்பூர் ஜாலான் புத்ராவில், புத்ரா உலக வாணிப மையத்துக்கு எதிரே, 'தி மால்' கட்டடத்தில் யாவோஹான் திறந்தது.

டீ-சட்டைக்காரர் அங்கு முதன்முதலாகப் போனது 1989-ல், தீபாவளிக்கு முந்திய வாரம். அவருடைய தாயார் கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். மஸ்ஜித் இந்தியாவில் துணிமணி எடுத்து முடித்தபின், "அந்தக் குளுகுளு கடையையும் பாத்துட்டுப் போவோம்" என்று மகனை அழைத்துப் போனாராம். மின்படிக்கட்டைக் கண்டதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், கோயிலுக்குள் போவதுபோல. "எனக்கு வெக்கமா போச்சு சார்" என்றார் மகன். இரண்டு மணி நேரம் சுற்றி, வாங்கியது ஒரே ஒரு பென்சில் பெட்டி.

வேறெப்படி வாங்குவது? அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் தோட்டத்துக் கடையில் பற்று. 555 நோட்டில் எழுதிப் போடுவார் கடைக்காரர். சம்பளத்தன்று கையில் வந்த வெள்ளி அங்கேயே போய்விடும். அந்த நோட்டை நம் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. ஆனால் அதற்கு யாரும் சட்டை போட்டுக்கொள்வதில்லை. எனக்கு அதில் சற்று வருத்தமுண்டு. அடைமழைக் காலத்தில் வேலையில்லாதபோது அடுப்பெரிய வைத்தது அந்தக் கடையல்லவா? கணக்கில் கூடக்குறைய எழுதியவர்களும் இருந்திருக்கலாம், அது வேறு.

விந்தை என்னவென்றால், பெரிய கடையைக் கவிழ்த்ததும் கடன்தான். கடன் பத்திரங்கள் வழியாகப் பணம் திரட்டி, ஹாங்காங், ஷாங்காய் என்று கிளைகளை வேகமாக விரித்தது யாவோஹான். ஜப்பானில் பொருளாதாரம் தளர்ந்தபின் அதைத் தாங்க முடியவில்லை. 1997 செப்டம்பரில், ஏறத்தாழ 16,100 கோடி யென் கடனோடு தாய் நிறுவனம் நொடித்தது. யாவோஹான் என்ற பெயரும் நம்மூர்க் கட்டடங்களிலிருந்து இறங்கியது. 'தி மால்' பின்பு கைமாறி, 2015-ல் சன்வே புத்ரா மால் என்ற பெயரில் மீண்டும் திறந்தது.

அதே காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்களும் மறைந்துகொண்டிருந்தன. சீபீல்டு தோட்ட நிலத்தில் 1976 முதல் சுபாங் ஜெயா எழுந்தது. மற்ற பல தோட்டங்களும் அவ்வாறே வீடமைப்புப் பகுதிகளாயின. டீ-சட்டைக்காரரின் குடும்பமும் லயத்தைக் காலிசெய்து அடுக்குமாடி வீட்டுக்குப் போனது. மரம் போயிற்று, கடை போயிற்று, 555 நோட்டும் எங்கோ போயிற்று. லயத்து வீட்டை ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லையாம். படப்பெட்டி யாரிடம் இருந்தது?

சட்டை வாங்கிய அன்று, அதைத் தாயாரிடம் காட்டினாராம். எழுத்தை அவருக்குப் படிக்க வராது. ஆனால் சின்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். பென்சில் பெட்டி வாங்கிய அன்று கொடுத்த பை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கணவரின் இறப்புச் சான்றிதழ், தோட்டத்தில் கொடுத்த சம்பளச் சீட்டுகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. லயத்திலிருந்து வீடு மாறிய அன்று, லாரியில் ஏற்றாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம்.

"பையே எங்கிட்ட இருக்கு. இதுக்கா முப்பத்தஞ்சு வெள்ளி குடுத்த?" என்று கேட்டாராம்.